மீனில்லாத கரைக்கு ஐஸ் போடப் போன கதை

திண்டுக்கல்காரனுக்குக் கடல் என்பது நாகூருக்கோ ஏர்வாடிக்கோ போகும்போது எட்டிப் பார்த்து, கால் நனைத்து, செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வருகிற இடம். ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு கடற்கரையில் முழுதாக இருபது நாள் இருந்தேன். ஒரு வேலையைச் செய்து முடிக்கச் சொன்னார்கள், முடித்தேன். முடித்ததுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நான் குளிர்பதன மெக்கானிக். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறிக் கிடங்குகள், நிலக்கோட்டையில் பூவுக்கான குளிர் அறைகள், சாணார்பட்டி வழியில் தக்காளிக்காரர்கள் கட்டிவைத்துப் பாதி நாள் ஓட்டாமல் போடுகிற கிடங்குகள், இவைதான் என் உலகம். என் முதலாளி ஒட்டன்சத்திரத்துக்காரர். ஐஸ் ஆலைக்கு மெஷின் செய்து விற்கிறவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ பெரிய வேலை என்று அர்த்தம்.

“பாய், நம்ம மெசின் ஒன்னு ஆப்பிரிக்காவுல நின்னு கெடக்குதுங்க. நீங்க போனாத்தானுங்க அது மூச்சு விடும்” என்றார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிற ஒரு குடும்பத்துக்குத் தொல்லை வரும் என்பதால் சொல்லவில்லை. அந்த நாட்டுக் கடலில் வெளிநாட்டுக் கப்பல்கள் மீன் பிடிக்க ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு ஈடாகக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை உள்ளூர் மீனவர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அந்தப் பங்கில் ஒரு கடற்கரை ஊரில் ஐஸ் ஆலை கட்டினார்கள். மெஷின் எங்களுடையது. சில மாதம் ஓடி நின்றுவிட்டது. இப்போது ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். வெளிநாட்டிலிருந்து பெரிய மனிதர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அது ஓட வேண்டும். இவ்வளவும் எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தேன், என் பெட்டி சேரவில்லை. துணிமணி போனால் போகட்டும், அதில் ஷாஃப்ட் சீல் இருந்தது. கம்ப்ரசரிலிருந்து அமோனியா கசியாமல் தடுக்கிற, உள்ளங்கை அளவு வளையம். அது இல்லாமல் நான் அங்கே போனது, கத்தி இல்லாமல் கறிக்கடை திறந்த மாதிரி. விமான நிலையத்தில் ஒரு பெண் என் புகாரை எழுதிக்கொண்டு, “வரும்” என்றாள். அந்தப் பெட்டி இன்று வரை வரவில்லை.

கரைக்குப் போக ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது, லாரியும் ஆடும் மனிதனும் ஒன்றாக ஏறுகிற படகுதான். நடு ஆற்றில் இன்ஜின் நின்றது. வத்தலக்குண்டு போகிற டவுன் பஸ் வழியில் நின்றால் பத்துப் பேர் இறங்கி டிரைவருக்கு யோசனை சொல்வார்கள், நாலு பேர் கண்டக்டரோடு சண்டைக்குப் போவார்கள். இங்கே ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓர் அம்மாள் அவித்த பயறு வைத்த ரொட்டியை எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலத்தில், “கோபப்பட்டால் இன்ஜின் ஓடுமா?” என்று கேட்டார். மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு படகு வந்து இழுத்தது.

மறுநாள் ஆலையைப் பார்த்தேன். முகப்பில் நீலப் பலகை, அதில் இரண்டு கொடிகள். கீழே ஆங்கிலத்தில், வளங்குன்றாத மீன்பிடிப்புக்கான கூட்டுறவின் பயன் என்று எழுதியிருந்தது. உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. ஐஸ் கட்டும் தகர கேன்களில் யாரோ வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டி துருவேறிச் செதில் செதிலாக உரிந்தது. கடல் காற்று நம் ஊர் மெஷினை என்ன பாடுபடுத்தும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெயர்த் தகட்டில் திண்டுக்கல் மாவட்டம் என்ற எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. அவ்வளவு தூரத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது பெருமை இல்லை, கூச்சம்.

ஆலைச் சாவியை வைத்திருந்தவர் லமின். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீண்ட மரப்படகு ஒன்றுக்குத் தலைவர். அவரோடு ஐந்து பேர் கடலுக்குப் போவார்கள். அவர் மனைவி மரியாமா, கரையில் மீனைப் புகை போட்டுப் பதப்படுத்தி விற்கிற பெண்களுக்குத் தலைவி. அவர்கள் வீட்டிலேயே எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். நான் முஸ்லிம் என்று தெரிந்ததும் லமின் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கம்ப்ரசர் புத்தகத்து இங்கிலீஷ். அவர்களுக்குத் தெரிந்தது சந்தை இங்கிலீஷ். சலாமில் ஆரம்பித்தால் மிச்சத்தைச் சமாளித்துவிடலாம்.

சாப்பாடு ஒரே பெரிய தட்டில். சுற்றி உட்கார்ந்து அவரவர் முன்னால் இருக்கிற பக்கத்தில் மட்டும் கை வைக்க வேண்டும். குருணை அரிசியைத் தக்காளியிலும் எண்ணெயிலும் வேகவைத்து, நடுவில் காயும் மீனும் வைப்பார்கள். எங்கள் ஊர்ச் சீரகச் சம்பா பிரியாணிக்குப் பழகிய நாக்கு முதல் கவளத்தில் முரண்டு பிடித்தது, மூன்றாவதில் சமாதானமானது. மீன் விரல் நீளம்தான். மரியாமா அதைப் பிய்த்து முள் எடுத்து என் பக்கம் தள்ளினாள். பிள்ளைகளின் பக்கத்தில் வெறும் சோறு இருந்தது. முன்பெல்லாம் இந்த மீனைப் பூனைக்குப் போடுவோம் என்று அவள் சொன்னாள். வருத்தப்படுகிற குரல்கூட இல்லை. விலைவாசி சொல்கிற மாதிரி சொன்னாள்.

நாலாம் நாள் சாயங்காலம் லமின் தேநீர் போட்டார். அங்கே தேநீர் மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், மூன்றாவது தித்திக்கும். இரண்டாவது சுற்றில் அவர் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். தலைநகரத்தில் ஒரு கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டிருந்தார்களாம். சட்டை மாற்றிக்கொண்டு போனாராம். உள்ளூர் மீனவர்கள் பிடித்தது போக மிச்சம் இருக்கிற மீனை மட்டுமே வெளிநாட்டுக் கப்பல்கள் பிடிக்கும் என்று விளக்கினார்களாம். கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வரமாட்டார்கள், கப்பலில் கண்காணிப்பாளர் இருப்பார், உள்ளூர் ஆட்களுக்குக் கப்பலில் வேலை உண்டு, எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

“மிச்சத்தை யார் எண்ணியது என்று கேட்டேன்” என்றார் லமின். “எண்ணுகிறவர் இன்று வரவில்லை என்றார்கள்.”

நான் சிரித்துவிட்டேன். பிறகு எங்கள் ஊர்க் கண்மாய் ஏலத்தைச் சொன்னேன். தண்ணீர் ஊர்க்காரனுடையது, ஆனால் மீன் ஏலம் எடுத்தவனுடையது. ஊர்க்காரன் தூண்டில் போட்டால் பிடுங்கிப் போடுவார்கள். தண்ணீர் வற்றும்போது வெளியூர் ஆட்கள் வலை வைத்து அள்ளிக்கொண்டு லாரியில் போவார்கள். கரையில் நிற்கிற சனம் சேற்றில் தப்பியதைப் பொறுக்கும். அந்த லாரிகளுக்குப் பலமுறை ஐஸ் ஏற்பாடு செய்து கொடுத்தவன் நான். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

லமின் யோசித்துவிட்டு, ஏலம் எடுத்தவர் அடுத்த வருடத்துக்கு மீன்குஞ்சு விடுவாரா என்று கேட்டார். விடுவார் என்றேன்.

“அப்படியென்றால் உங்கள் ஆள் நல்லவர்” என்றார்.

தொடுவானத்தில் கப்பல்கள் பகலிலேயே தெரிந்தன, வரிசையாகக் கட்டடங்கள் மாதிரி. எல்லாமே ஒப்பந்தக் கப்பல்கள் இல்லை என்றும், அனுமதியே இல்லாதவையும் நடுவில் கலந்து நிற்கும் என்றும் அவர் சொன்னார். எது எந்த நாட்டுக் கொடி என்று கேட்டேன். கொடி தெரிகிற தூரத்துக்கு ஒரு கப்பல் வந்துவிட்டால் அதைப் பார்க்க நம் படகு இருக்காது என்றார்.

சீல் இல்லாத குறையை நானே தீர்த்துக்கொண்டேன். பழைய சீலைக் கழற்றி, லாரிக் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் தேய்ப்புப் பசை தடவி இரண்டு நாள் தேய்த்தேன். முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பு வரும் வரை எட்டுப் போடுகிற மாதிரி வளைத்து வளைத்துத் தேய்க்க வேண்டும். ஆடுகள் சுற்றி நின்று பார்த்தன. கப்பலில் முன்னாலேயே வந்திருந்த குழாய்களை மாற்றினேன், தொட்டியைச் சுரண்டிப் பற்றவைத்தேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். செத்த மெஷினுக்கு உயிர் வருகிறபோது எனக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டிலிருந்து என் மனைவி மும்தாஜ் போன் செய்தாள். “என்னங்க, சாப்டீங்களா? கடலோரமாச்சே, அங்க மீனு அம்புட்டுக் கெடைக்குமே” என்றாள்.

“கெடைக்குது” என்றேன்.

ஒன்பதாம் நாள் மரியாமா ஆலைக்கு வந்தாள். லமின் அப்போது வலை தைக்கப் போயிருந்தார். அவள் உள்ளே வந்து, நான் தேய்த்து வைத்த சீலைக் கையில் எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். அவள் வாயைத் திறக்குமுன்னே, வார்த்தையை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிற வரைக்கும் இதை ஓட்டாதீர்கள்” என்றாள். “போன பிறகு ஓட்டுங்கள். உங்களுக்கு நான் சமைத்துப் போடுகிறேன், எத்தனை நாளானாலும்.”

ஏன் என்று கேட்டேன். எங்கள் புகை அடுப்புகள் மூன்றில் இரண்டு அணைந்து கிடக்கின்றன, அது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது என்றாள். ஐஸ் விழுவதுதான் தெரியும். ஐஸ் விழுந்தால் மீன் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்கள். ஆலை நின்று கிடந்தால், ஏன் நிற்கிறது என்றாவது ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகப் பெண்கள் எல்லோரும் காத்திருக்கிறோம் என்றாள்.

பார்க்கலாம் என்றேன். ‘பார்க்கலாம்’ என்பதை எந்த ஊர்ப் பெண்ணும் புரிந்துகொள்வாள். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

முதலாளிக்குப் போன் போட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார், அந்தப் பொறுமையை மறுக்க முடியாது. “பாய், நாம மெசின்காரங்க. மெசின் ஓடோணும், அம்புட்டுத்தானுங்க. அந்த ஊரு ஞாயத்த அந்த ஊருக்காரங்க பாத்துக்குவாங்க” என்றார்.

பழியை அவர் மேல் போட்டுவிடலாம். ஆனால் அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் ஓட்டியிருப்பேன். ஒரு வால்வைத் திறக்காமல் விட்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. அந்த வால்வுக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். என்னால் முடியவில்லை. இந்தியாவிலிருந்து ஒருத்தன் வந்தான், அவனாலும் முடியவில்லை என்று ஊர் சொல்லும் என்ற நினைப்புதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்ததும் முதல் கேனைத் தூக்கினோம். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிக் கவிழ்த்ததும் பாளம் வழுக்கிக்கொண்டு சிமெண்டுத் தரையில் வந்து நின்றது. கண்ணாடி மாதிரி, நடுவில் மட்டும் லேசாக வெண்மை. கூடியிருந்த சனம் கை தட்டியது. ஒரு கிழவர் அதன் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தார். மரியாமாவைத் தேடினேன். அவள் வரவில்லை.

லமினுக்கு மட்டும் உண்மையாகவே சந்தோஷம். கரைப் பக்கம் மீன் அற்றுப்போய்விட்டது; தூரக் கடலுக்குப் போனால் இருக்கிறது; ஆனால் மூன்று நாள் மீனைக் கெடாமல் வைத்திருக்க ஐஸ் வேண்டும். அவருக்கு அதுதான் கணக்கு. ஆலைக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் அன்று வந்திருந்தார். புதன்கிழமை விருந்தாளிகள் வரும்போது ஐஸ் மேல் அடுக்கி வைக்கப் புது மீன் வேண்டும், கொண்டுவர முடியுமா என்று லமினிடம் கேட்டார். லமின் முடியும் என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் போனார்கள். படகுப் பெட்டியில் பாளங்களை நானே அடுக்கி, இடுக்கில் உமி போட்டு, சாக்கு மூடிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

புதன் காலையில் மரியாமா கரையில் நின்றாள். மற்றப் பெண்களும் நின்றார்கள். அதிகாரி தவித்துக்கொண்டிருந்தார். ஆட்களைக் காணவில்லை என்பதற்கல்ல, மீன் இல்லையே என்பதற்கு. அவர் போனில் பேசினார். இரண்டு மணி நேரத்தில் நகரத்துக் கிடங்கிலிருந்து வண்டி வந்தது. அட்டைப் பெட்டிகளில் உறைந்த மீன். பெட்டியின் மேல் ஒரு கப்பலின் பெயரும் வெளிநாட்டுத் துறைமுகத்தின் பெயரும் அச்சடித்திருந்தன. இந்த ஊர்க்காரர்களின் கடலில் பிடித்து, கப்பலிலேயே உறைய வைத்து, இவர்களுக்கே விற்ற மீன். அதிகாரியின் ஆட்கள் பெட்டிகளைப் பிரித்து, மீனை என் ஐஸ் மேல் பரப்பி, அட்டைகளை ஆலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். மீனின் மேல் தண்ணீர் தெளித்தார்கள், புதிதாகத் தெரிவதற்காக.

விருந்தாளிகள் ஐந்து பேர். கெட்டவர்களாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆற்றமாட்டாமல் இருக்கிறது. அவர்களில் ஓர் அம்மையார் வெயிலில் முகம் சிவந்து, ஒவ்வொன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெண்களின் தலைவி யார் என்று கேட்டார். மரியாமாவை ஐஸுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இந்த ஆலை வந்ததில் உங்களுக்கு மகிழ்ச்சியா என்று அம்மையார் கேட்க, அதிகாரி மொழிபெயர்த்தார்.

மரியாமா பேசினாள். குரலை உயர்த்தவில்லை. நிதானமாக, நீளமாகப் பேசினாள். அந்தப் பேச்சில் லமின் என்ற பெயர் மூன்று தடவை வந்தது. அதிகாரி முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரே வரி சொன்னார்: பெண்கள் எல்லோர் சார்பிலும் நன்றி சொல்கிறார். அதில் லமின் என்ற பெயர் ஒரு தடவைகூட இல்லை.

அவள் என்ன சொன்னாள் என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த மீன் உங்கள் கப்பல் பிடித்தது. என் புருஷன் பிடிக்கப் போன மீன் இன்னும் வரவில்லை, அவரும் வரவில்லை. உங்கள் கப்பல்களைக் கூப்பிட்டு, வழியில் ஆறு பேர் இருக்கிற படகைப் பார்த்தீர்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்த நேரத்தில் எனக்கு அது வார்த்தை வார்த்தையாகத் தெரியாவிட்டாலும், மொழிபெயர்ப்பு பொய் என்று தெரியும். படகு வரவில்லை என்று சொல்ல எனக்கு இருக்கிற இங்கிலீஷ் போதும். நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். அம்மையார் என் பக்கம் திரும்பி, நீங்கள்தான் இந்திய இன்ஜினியரா, அருமையான வேலை என்று கை நீட்டினார். நான் கையைத் தோளில் கிடந்த அழுக்குத்துணியில் துடைத்துக்கொண்டு குலுக்கினேன். தேங்க் யூ என்றேன். மரியாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு, இருந்த பெட்ரோலைப் பங்கிட்டுக்கொண்டு நாலு படகுகள் தேடப் போயின. வியாழன் முழுக்க ஒன்றும் இல்லை. கரையில் யாரும் அழவில்லை. எங்கள் பக்கத்தில் இந்நேரம் சொந்தபந்தம் கூடி வீடு கொள்ளாது. இங்கே பெண்கள் வரிசையாக மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமைத்துப் போடுகிறேன் என்று சொன்னவள் அன்றும் எனக்குச் சோறு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது சத்தம் கேட்டது. ஒரு படகு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். படகின் ஒரு பக்கப் பலகை பிளந்து, அதில் சாக்கு அடைத்திருந்தது. இன்ஜின் இல்லை, வலை இல்லை. லமினின் தோள்பட்டை இறங்கியிருந்தது. வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

திங்கட்கிழமை காலை வெளிச்சத்திலேயே நடந்தது என்றார்கள். வலை விரித்துக் காத்திருந்தபோது ஒரு பெரிய கப்பல் நேராக வந்தது. எழுந்து நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினார்கள், கத்தினார்கள். கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் நின்றதை லமின் பார்த்தார். அது திரும்பவில்லை, நிற்கவில்லை. வலை மேல் ஏறிப் போனது. அலை தூக்கி அடித்ததில் இன்ஜின் கழன்று கடலுக்குள் போய்விட்டது. நாலு நாளாக நீரோட்டத்தில் மிதந்தார்கள். கொண்டுபோன குடிதண்ணீர் இரண்டாம் நாளே தீர்ந்தது. பெட்டியில் இருந்த ஐஸ் உருகின தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

லமின் இதைச் சொல்லிவிட்டு, நல்ல கையால் என் தோளைத் தொட்டு, உங்கள் ஐஸ் என்றார். நன்றியாகத்தான் சொன்னார். நான் போட்ட ஐஸ்தான் அவர்களை அவ்வளவு தூரம் கூட்டிப் போனது. அதே ஐஸ்தான் குடிக்கக் கொடுத்துத் திருப்பி அனுப்பியது. இதில் எதை நினைத்து நான் நிம்மதியாக இருப்பது?

அன்று சாயங்காலமே புகார் கொடுக்க லமினோடு நானும் போனேன். ஊமையாக நின்றதற்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்று இருந்தது. அலுவலகத்தில் இருந்தவர் ஒரு தாளைக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது என்றார். கப்பலின் பெயர், பதிவு எண், கடலில் நடந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, சாட்சி, எல்லாம் அதில் நிரப்ப வேண்டும். பெயர் துருவில் மறைந்திருந்தது, படிக்க முடியவில்லை என்றார் லமின். பெயர் இல்லாமல் யார் மேல் புகார் எழுதுவது என்று அலுவலகக்காரர் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அந்தத் தாள் முழுக்கவே நியாயமாக இருந்தது. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். நீங்கள் பார்த்தீர்களா என்றார். இல்லை. தாளைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கிளம்பினேன். மரியாமா வறுத்த வேர்க்கடலை ஒரு பை கட்டிக் கொடுத்தாள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தேன். எனக்கு அந்த மொழியும் வரவில்லை, இந்த மொழியும் வரவில்லை.

“உங்கள் ஐஸ் நன்றாக இருக்கிறது” என்றாள் அவள். “நீங்கள் நல்ல மெக்கானிக்.”

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து முதலாளி வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகத்தை நீட்டினார். வெளிநாட்டிலிருந்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். நடுப்பக்கத்தில் என் ஐஸ், அதன் மேல் உறைந்த மீன், பின்னால் மரியாமா. வாய் திறந்திருந்தாள். அவள் பேசிக்கொண்டிருந்தபோது எடுத்த படம். பார்க்கிறவர்களுக்குச் சிரிக்கிற மாதிரி இருக்கும். கீழே என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும், படிக்கவில்லை. முதலாளி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அலுவலகச் சுவரில் மாட்டினார். அதே கடற்கரையில் இன்னும் மூன்று ஊருக்கு ஆலை கேட்டிருக்கிறார்கள், நீங்கதான் போவணும் என்றார். மூட்டு வலி என்றேன். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. எனக்குப் பதில் வேறொருவர் போனார். அவரும் நல்ல வேலைக்காரர். மூன்றும் ஓடுகிறதாம்.

வீட்டில் மும்தாஜிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “அந்தம்மா புருசன் பேர மூனு தடவ சொல்லிருக்கு. நீங்க ஒரு தடவ சொல்லிருக்கலாம்ல” என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, சாணார்பட்டிக்கு ஒரு கிடங்கு வேலையாக டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நிற்க இடமில்லாத கூட்டம். போன் அடித்தது, மரியாமா. சலாம் சொல்லி, பிள்ளைகளை விசாரித்து, லமின் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தோள் கூடிவிட்டது, ஆனால் வலை வாங்க வழியில்லை. கப்பல் வேலைக்குப் போய்விட்டார் என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. உள்ளூர் ஆட்களுக்குக் கப்பலில் வேலை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டே, அதில் எடுத்துக்கொண்டார்கள் என்றாள்.

என்ன வேலை என்று கேட்டேன். தளம் கழுவுகிறார், மீன் தரம் பிரிக்கிறார். ஆனால் அதற்காக அவரை எடுக்கவில்லை என்றாள். கப்பலுக்கு முன்னால் மரப்படகுகள் குறுக்கே வந்தால், முனையில் போய் நின்று, எங்கள் மொழியில் கத்தி அவர்களை விலகச் சொல்ல வேண்டும். அதற்கு மொழி தெரிந்த ஆள் வேண்டுமாம்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள், உங்கள் ஊர் மொழியில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள்.

“தள்ளிப் போங்கப்பா” என்றேன்.

பக்கத்தில் நின்றவர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, ஒதுங்கி இடம் விட்டார்.